சக்கரம் தெரியாத மீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய தொழில்நுட்பங்கள் அரசியலையும் மின்சாரத்தையும் அன்றாட வாழ்வையும் எவ்வாறு மாற்றி வருகின்றன என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மைக் காலமாக வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எழுதுவோரில் ஒரு சாரார் இனி எல்லாம் எளிதாகிவிடும் என்கிறார்கள்; மறு சாரார் வேலை போய்விடும், எது உண்மை எது பொய் என்றே தெரியாமல் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். இரு தரப்பும் பேசாமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. இயந்திரம் போட்ட கணக்கு தவறினால் அதைச் சாதாரண மனிதர் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தபின் யாரிடம் போய்ச் சொல்வார் என்பதே அது. மின் கட்டணக் கணக்குப் பிரிவில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு நேர்ந்த ஒரு சிறு அனுபவத்திலிருந்தே இதைத் தொடங்குகிறேன்.

பழைய மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் விளிம்பில் ஒரு கோடு இருக்கும். அந்தச் சக்கரம் எத்தனை முறை சுற்றினால் ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கட்டணம் அதிகமாக வந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவரிடம் நாங்கள் வாயால் விளக்கிக்கொண்டிருக்க மாட்டோம். வீட்டிலுள்ள சுவிட்சுகள் அனைத்தையும் அணைக்கச் சொல்லி அவரையே மீட்டர் முன் நிறுத்துவோம். அப்போதும் சக்கரம் ஊர்ந்துகொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மீட்டரே பழுது. நின்றுவிட்டால், நூறு வாட் பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தக் கோடு எத்தனை முறை வந்துபோகிறது என்று அவரையே எண்ண வைப்போம். அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட் என்று போட்டிருந்தால் நிமிடத்துக்கு ஒரு சுற்று வரவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்தக் கணக்கைப் பத்தே நிமிடத்தில் புரிந்துகொண்டு, சில வேளைகளில் எங்கள் கணக்கில் இருந்த தவறையும் சுட்டிக்காட்டி இருக்கிறார்கள்.

அந்த மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்த வந்தபோது நான் தயங்கவில்லை. பகலில் சூரிய மின்சாரம் ஏராளமாகக் கிடைக்கிறது, பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோக, எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கும் அடுப்பும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்குகின்றன. ஆகவே நண்பகலில் குறைந்த கட்டணமும் மாலை உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் வைப்பது நியாயமே. அதற்கு நேரவாரியாக அளக்கும் மீட்டர் இல்லாமல் முடியாது. நானும் துணி துவைப்பதையும் வெந்நீர் வைப்பதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொண்டேன். ஆயினும் மொத்த யூனிட் கூடாமலே மூன்றாம் மாதத்தில் கட்டணம் கணிசமாக ஏறிவிட்டது. நிறுவனத்தின் செயலியில் புகார் எழுதினேன். பதில் சொன்னது ஒரு சாட்பாட், அதாவது தானாகவே பதில் எழுதும் மென்பொருள். “உங்கள் மீட்டர் அளவு சரிபார்க்கப்பட்டது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?” என்றது. கேள்வியை வேறு வேறு விதமாக மாற்றி நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே பதில்தான்.

பிறகுதான் பழைய புத்தி வந்தது. மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தினால் திரையில் வரிசையாக ஒவ்வொரு அளவாக வரும். அவற்றினூடே தேதியும் நேரமும் வரும். நான் பார்த்தபோது சுவர்க் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு. மீட்டரின் கடிகாரத்திலோ மாலை ஆறு. நான் நண்பகலில் செலவழித்த மின்சாரம் முழுவதையும் அது உச்ச நேரக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. மொத்த யூனிட் சரியாக இருந்ததால், சரிபார்க்கும் மென்பொருளின் பார்வையில் எந்தப் பிசகும் இல்லை. மனிதர் ஒருவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்கு மூன்று வாரம் ஆனது. வந்த இளைஞர் கடிகாரத்தைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாழ்நாள் முழுவதும் மீட்டரோடு வாழ்ந்தவன் என்பதால் நான் தப்பித்தேன். என் நிலையில் வேறொருவர் இருந்திருந்தால், தம் வீட்டாரைத்தான் சிக்கனமில்லை என்று கடிந்துகொண்டிருப்பார்.

இந்தச் சிறு விவகாரத்தை ஒரு நாட்டின் தேர்தலோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நான் தேடிய சொற்கள் கிடைத்தன. அந்நாட்டின் 2005 பொதுத் தேர்தலில் சுமார் 20 லட்சம் பேர் கணினி வாக்குப்பதிவு இயந்திரங்களில் வாக்களித்திருந்தனர். அதை எதிர்த்து ஓர் அரசியல் அறிஞரும் இயற்பியலாளரான அவருடைய மகனும் வழக்குத் தொடுத்தனர். இயந்திரத்தில் யாரும் மோசடி செய்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே தேர்தல் முடிவு செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது. எனினும், வாக்களிப்பின் முக்கியமான கட்டங்களையும் முடிவு கணக்கிடப்படும் விதத்தையும் சிறப்புத் தொழில்நுட்ப அறிவு ஏதும் இல்லாத குடிமகன் நம்பகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும், அந்த இயந்திரங்களில் அது முடியாது, ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இயந்திரம் சரியாக வேலை செய்ததா என்பது வேறு. சரியாக வேலை செய்தது என்பதை நான் அறிய வழி இருந்ததா என்பது வேறு. இவ்விரண்டையும் அந்த நீதிபதிகள் பிரித்துப் பார்த்தார்கள்.

இதற்கு எதிர்வாதமாக எஸ்தோனியாவைச் சிலர் காட்டுவர். காட்ட வேண்டியதுதான். அங்கே 2005 முதல் இணையம் வழியாக வாக்களிக்கிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் இணையத்தில் வந்தவை. வாக்களித்தவர் தம் வாக்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கைபேசியில் சரிபார்க்கலாம், மனம் மாறினால் மீண்டும் வாக்களிக்கலாம். 2017இல் அந்நாட்டின் சுமார் 7,60,000 அடையாள அட்டைகளின் சிப்பில் பாதுகாப்புக் குறை இருப்பதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது, அரசு அதை மூடி மறைக்காமல் மக்களுக்கு அறிவித்து, அந்த அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்களை நிறுத்தி வைத்தது. நான் ஜெர்மன் நீதிமன்றத்தின் பக்கமே சாய்கிறேன் என்றாலும், எஸ்தோனிய முறைக்கு மதிப்புச் சேர்ப்பது அதன் வேகத்தைவிட இந்த வெளிப்படைத்தன்மைதான் என்று கருதுகிறேன்.

வாக்குச் சாவடிக்கு வருவதற்கு முன் வாக்காளரின் மனத்தில் நடப்பதை எந்த நீதிமன்றமும் சரிபார்க்க இயலாது. ஒரு காலத்தில் அரசியல்வாதி மேடையில் பேசியதை அவருடைய எதிரியும் கூட்டத்தில் நின்று கேட்கலாம். மறுநாள் அதே மேடையில் ஏறி மறுக்கலாம். இன்று ஒரு கட்சியின் விளம்பரம் என் கைபேசிக்கு ஒரு விதமாகவும் என் மருமகளின் கைபேசிக்கு வேறு விதமாகவும் வருகிறது. எனக்கு என்ன சொல்லப்பட்டது என்பதே அவளுக்குத் தெரியாதபோது, மறுப்பதற்கு ஆள் எங்கிருந்து வருவார்? 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன செய்தி 2018இல் வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையம் மறு ஆண்டே ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், அது யாரைக் குறிவைக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2025 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் கூகுளும் செய்தது என்ன? விதியின் சுமை தாங்க முடியாதது என்று கூறி, அங்கே அரசியல் விளம்பரங்களை ஏற்பதையே நிறுத்திக்கொண்டன. கணக்கைக் காட்டு என்றதும் கடையையே சாத்திவிட்டார்கள்.

குரலையும் முகத்தையும் போலியாக உண்டாக்குவது இதைவிடக் கடுமையான சிக்கல். 2023 செப்டம்பர் இறுதியில் ஸ்லோவாக்கியாவில் தேர்தல் நடக்க இரண்டு நாட்களே இருந்த நிலையில், முன்னணிக் கட்சி ஒன்றின் தலைவர் பத்திரிகையாளர் ஒருவரிடம் தேர்தல் முறைகேடு பற்றிப் பேசுவது போன்ற ஒலிப்பதிவு பரவியது. செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட போலி அது. ஆனால் தேர்தலுக்கு முந்தைய அந்த இரண்டு நாட்களும் அந்நாட்டில் பிரசாரத்துக்குத் தடை உள்ள நாட்கள். மறுப்பதற்கான வழிகள் அப்போது குறுகியிருந்தன. அவருடைய கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்த ஒலிப்பதிவால்தான் தோற்றார்கள் என்று நிறுவ முடியாது, இல்லை என்றும் நிறுவ முடியாது. நான்கு மாதம் கழித்து அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அன்றைய அதிபர் பைடனின் குரலில் வாக்காளர்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. வேட்பாளர் தேர்வுக்கான வாக்கெடுப்பில் கலந்துகொள்ள வேண்டாம் என்றது அந்தக் குரல். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில வாரங்களிலேயே, தானியங்கி அழைப்புகளில் செயற்கைக் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்துவது ஏற்கெனவே உள்ள சட்டப்படியே சட்டவிரோதம் என்று தெளிவுபடுத்தி, பின்னர் அந்த அழைப்புகளை ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. ஆனால் அவர் மீதான குற்ற வழக்கில் நடுவர் குழு 2025இல் அவரை விடுவித்துவிட்டது.

போலியை நம்புவது ஒரு கேடு என்றால், மெய்யையும் போலி என்று தள்ளிவிடுவது மற்றொரு கேடு. கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவர், “அது என் குரலே அல்ல, கணினி செய்தது” என்று சொல்லிவிட்டுப் போகலாம். முன்பெல்லாம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த துறை அது. நாம் கைபேசியில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு எங்கோ ஒரு கட்டடத்தில் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2024இல் உலகத் தரவு மையங்கள் பயன்படுத்திய மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட். உலக மின் நுகர்வில் ஏறத்தாழ 1.5 சதவீதம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2030இல் இது இரு மடங்குக்கும் மேலாக, 945 டெராவாட் மணி அளவுக்கு உயரலாம் என்றும் அது கணிக்கிறது. ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தச் சுமை உலகம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. அயர்லாந்தில் 2015இல் 5 சதவீதமாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023இல் 21 சதவீதமாகிவிட்டது. அந்நாட்டு நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியது 18 சதவீதம்தான். அமெரிக்காவில் 1979இல் விபத்து நடந்த திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், விபத்தில் சிக்காத முதல் உலையை லாபமில்லை என்று 2019இல் மூடினார்கள்; அதை மீண்டும் இயக்கி 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்கிக்கொள்ள மைக்ரோசாப்ட் 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

இதில் எனக்குள்ள கவலை கணக்குப் பிரிவுக்காரனின் கவலை. புதிய மின்பாதை போடும் செலவும் துணைமின் நிலையம் கட்டும் செலவும் கடைசியில் கட்டணத்தில்தான் ஏறும். எந்த நுகர்வோருக்காக அந்தச் செலவு ஆனதோ அவரிடமே அதை வசூலிக்கிறார்களா, அல்லது எல்லா வீடுகளின் தலையிலும் பங்கு போட்டுக் கட்டுகிறார்களா என்பதை அறிய, பெரிய நுகர்வோருடன் செய்யப்படும் ஒப்பந்தம் வெளியே தெரிய வேண்டும். பெரும்பாலும் அது வணிக ரகசியம் என்று சொல்லப்படுகிறது. என் வீட்டில் எந்த அரை மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஒரு தரவு மையம் யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

புதிய தொழில்நுட்பத்தை நான் குறை கூறுவதாகக் கருத வேண்டாம். 2010இல் ஒரு கிலோவாட் மணி சேமிப்புத் திறனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற லித்தியம் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024இல் 115 டாலருக்கு இறங்கியது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்று யாராவது பேசினால் கிறுக்கன் என்றிருப்போம். இன்று பகல் வெயிலை இரவுக்கு எடுத்து வைக்கிறார்கள். இதெல்லாம் பெரும் பேறுதான். ஆனால் பல்லாயிரம் சிறு கருவிகள் சேர்ந்து இயங்கும் மின்வலையில் ஒன்று சறுக்கினால் பொறுப்பு யாருடையது என்பது முன்பைவிடக் குழப்பமாகிவிட்டது. 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் ஒருசேர இருண்டபோது, ஸ்பெயினின் மின்தேவையில் சுமார் 60 சதவீதமான 15 ஜிகாவாட் ஐந்தே நொடிகளில் மறைந்தது. அன்று மாலைக்குள்ளாகவே சூரிய மின்சாரத்தின் மீது பழி போட்டவர்கள் பலர். விசாரணையில் தெரிய வந்ததோ, மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதும், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய வழக்கமான மின்நிலையங்கள் தம் பங்கைச் சரிவரச் செய்யாததும், மின்வலை நிர்வாகம் அன்றைக்குப் போதிய ஏற்பாடு செய்து வைக்காததும்தான். நிர்வாகம் நிலையங்களைக் கைகாட்டியது, நிலையங்கள் நிர்வாகத்தைக் கைகாட்டின.

அன்றாட வாழ்வில் இந்தக் கைகாட்டல் எவ்வளவு கொடூரமாகக்கூடும் என்பதற்கு பிரிட்டனின் அஞ்சல் துறையில் நடந்ததைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஃபுஜிட்சு உருவாக்கிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999இலிருந்து அங்குள்ள கிளை அஞ்சலகங்களுக்கு வந்தது. கல்லாவில் இருக்கும் பணத்தைவிடத் திரையில் காட்டும் தொகை அதிகமாக இருந்தது. கிளையை நடத்தியவர்கள் திருடிவிட்டதாகக் கூறி வழக்குத் தொடுத்தார்கள். 2015 வரையிலான காலத்தில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உதவி எண்ணை அழைத்துக் கதறியவர்களில் பலரிடம், “இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான்” என்று சொல்லப்பட்டது. கணினி தரும் ஆதாரத்தை ஏற்க வேண்டுமானால் அது சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றிருந்த பழைய விதியையும் அந்நாட்டு நாடாளுமன்றம் அதே 1999இல் இயற்றிய சட்டத்தால் நீக்கியிருந்தது. ஆகவே கணினி தவறியது என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுந்தது. மென்பொருளைத் திறந்து பார்க்க உரிமை இல்லாத ஒருவர் அதை எப்படிக் காட்டுவார்? மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் ஏற்றது 2019இல். அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் சட்டம் வந்தது 2024 மே மாதத்தில்.

நெதர்லாந்திலும் இதன் இன்னொரு வடிவம் நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர்களைக் கணிக்க வரித்துறை ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, பல்லாயிரம் பெற்றோரிடம் பெருந்தொகையைத் திருப்பிக் கேட்டது. ஒருவர் எந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்பதையும் அந்த மென்பொருள் கணக்கில் எடுத்தது. ஏன் என் பெயர் வந்தது என்ற கேள்விக்கு அலுவலர்களிடமும் பதில் இல்லை. 2021 ஜனவரியில் அதற்காக அன்றைய பிரதமர் மார்க் ரூட்டேயின் அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது.

முழுக்க முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுக்குக் குடிமகன் கட்டுப்பட வேண்டியதில்லை என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 முதல் சொல்கின்றன. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அவர்களுடைய செயற்கை நுண்ணறிவுச் சட்டம் விளக்கம் கேட்கும் உரிமையையும் சேர்த்திருக்கிறது. எனக்கு அதில் ஓர் ஐயம் உண்டு. நான் பணியில் இருந்தபோது கணினி அச்சிட்டுத் தந்த பட்டியலில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்நூறு பக்கப் பட்டியலுக்கு ஒரு கையெழுத்து. மனிதர் பார்த்தார் என்று ஏட்டில் இருக்கும். பார்ப்பதற்கு அவருக்கு நேரமும் மாற்றுவதற்கு அதிகாரமும் தராமல், கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ‘மனித மேற்பார்வை’ என்று பெயரிட்டால், சாட்பாட்டுக்கும் அந்த மனிதருக்கும் வேறுபாடு இல்லை.

இவற்றைத் தங்களுக்கு எழுதக் காரணம், தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் இருப்பதுதான். ஒரு புதிய கருவியோ மென்பொருளோ பொதுச் சேவைக்கு வருகிறது என்று செய்தி வெளியிடும்போது, அதனால் மிச்சமாகும் நேரத்தையும் பணத்தையும் மட்டும் எழுதாமல், அதன் கணக்கைப் பயனாளர் எப்படிச் சரிபார்க்கலாம், முறையீட்டை எந்த அலுவலர் எத்தனை நாளில் கேட்பார் என்பதையும் அந்த நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள். பதில் தரவில்லை என்றால் தரவில்லை என்றே அச்சிடுங்கள். அடுத்தது, தங்கள் பக்கங்களைப் பற்றியது. படமோ மொழிபெயர்ப்போ கட்டுரைச் சுருக்கமோ செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டிருந்தால் அதன் கீழ் அதைக் குறிப்பிடுங்கள். தேர்தல் காலத்தில் ஓர் ஒலிப்பதிவைப் பற்றி எழுதும்போது அதை யார், எப்படிச் சோதித்தார்கள் என்பதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

என் மீட்டரின் கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது. கூடுதலாகக் கட்டிய தொகை இன்னும் திரும்பி வரவில்லை. செயலியில் பார்த்தால், ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. அதைத் திருத்துவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கட்டணக் கணக்கு ஊழியர் ஒருவர்